ஏழு பக்க எச்சரிக்கை

என் வலது கைக்கு ராசி உண்டு என்று தாராவியில் ஒரு தெருவே நம்பிக்கொண்டிருந்தது. இதற்கு நான் பொறுப்பல்ல. பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் ஒருவர் தோசைக்கடை போட்டார். திறந்த அன்று அந்த வழியாகப் போன பாவத்துக்கு முதல் போணியை நான் செய்தேன். ஒரு மசால் தோசை. அந்தக் கடை இன்று மூன்று கடை. மாவு நன்றாக இருந்ததும், ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த வாசலைத் தாண்டித்தான் போனது என்பதும் யார் கண்ணிலும் படவில்லை. என் கைதான் பட்டது. அதற்குப் பிறகு சலூன், செல்போன் ரிப்பேர் கடை, தோல்பை பட்டறை என்று எது திறந்தாலும் செம்பூரில் இருக்கிற எனக்கு போன் வரும். "அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு போணி பண்ணிட்டுப் போயிருங்க." செல்போன் கடை மூன்றே மாதத்தில் மூடியது. அதை யாரும் என் கணக்கில் எழுதவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

வேலையில் நான் இதற்கு நேர் எதிர். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். குடோன் எரிந்துவிட்டது என்று ஒருவர் அழுதுகொண்டு வந்தால், எரிவதற்கு முந்தின வாரம் சரக்கை எங்கே மாற்றினீர்கள் என்று கேட்பது என் உத்தியோகம். அடுத்தவரை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்ற அன்று அதற்காக ஒரு சால்வையும் போட்டார்கள்.

இந்த இரண்டு பெருமைகளும் சேர்ந்து என் அக்காவின் ஓவர்லாக் மிஷினை விழுங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாங்கள் பிறந்த அதே தாராவி வீட்டில்தான் இன்றும் இருக்கிறாள். மராத்திப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தாள். அப்போது அதில்தான் இடம் கிடைத்தது. பிறகு ஒரு துணிப் பட்டறையில் பிசிறு நூல் வெட்டப் போய்விட்டாள். அவள் கொண்டுவந்த கூலியில் எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், நோட்டு, பேனா, பேச்சுப் போட்டிக்கு வெள்ளைச் சட்டை. அவளுக்கு இன்று வரை தமிழ் எழுத்து வாசிக்க வராது. நூல் வெட்டுவதிலிருந்து ஓவர்லாக் மிஷினுக்கு உயர்ந்தாள். துணியின் ஓரம் பிரியாமல் கட்டித் தைக்கிற மிஷின் அது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவன் மிஷினில் அடுத்தவன் துணிக்கு ஓரம் தைத்தாகிவிட்டது. இனி சொந்தமாக ஒரு மிஷின் வாங்கி, வீட்டிலேயே போட்டு, முதுகு வலிக்கிறபோது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

குர்லாவில் ஒரு கடையில் பழைய மிஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். விலை முப்பதாயிரம். மாதத்துக்கு ஒருமுறை போய் அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள். தீபாவளி வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அக்காவிடம் இருபத்தைந்தாயிரம் சேர்ந்திருந்தது. இன்னும் ஐயாயிரம் குறைந்தது. அதை நான் கொடுத்திருக்கலாம். கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். "ஒங்கிட்ட வாங்குனா அது ஒம் மிஷினாப் போயிரும்ல" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போனுக்குள் வந்து சேர்ந்தது அன்பளிப்பு வட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவிக்குப் போயிருந்தேன். அக்கா டீயை வைத்துவிட்டு போனை நீட்டினாள். பட்டறையில் கூட வேலை பார்க்கிறவள் சேர்த்துவிட்டாளாம். வட்டத்தில் நாலு நிலை: மொட்டு, பூ, காய், கனி. நீங்கள் மொட்டாக நுழைந்து, கனியாக இருப்பவருக்கு ஐயாயிரம் ரூபாய் அன்பளிப்பாக அனுப்ப வேண்டும். நாள்பட நீங்கள் பூத்து, காய்த்து, பழுப்பீர்கள். பழுத்ததும் எட்டு மொட்டுகள் ஆளுக்கு ஐயாயிரம் உங்களுக்கு அனுப்பும். நாற்பதாயிரம். இவ்வளவும் தமிழில்தான் இருந்தது, ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். 'Anbu kudunga, anbu varum.' அதைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றுக்காரன் மேல் வந்த கோபத்தைவிடத் தமிழை இப்படிப் பண்ணிவிட்டானே என்ற கோபம்தான் அதிகமாக வந்தது. அந்தக் கோபத்தை ஒரு நிமிஷம் நிறுத்தி, ஏன் இப்படி எழுதியிருக்கிறான் என்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"இது டுபாக்கூர்க்கா" என்றேன்.

"இது சீட்டு இல்லல. வட்டி இல்ல, கம்பெனி இல்ல. அன்பளிப்பு."

"யாருக்கு யார் மேல அன்பு?"

"கல்யாணத்துல மொய் எழுதுதோம்லா? நாம செஞ்சா நமக்குத் திரும்பச் செய்யுதாங்கல்லா? இதுவும் அதே மாதிரிதான்."

மொய் ஏன் திரும்பி வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வாங்கினவன் வீடு தெரியும், அவன் மகளுக்கு என்ன வயது என்று தெரியும், திருப்பிச் செய்யாவிட்டால் பேரன் காலம் வரை சொல்லிக்காட்டலாம் என்பதும் தெரியும். அந்தப் பயத்தில் வருகிறது மொய். இந்த வட்டத்தின் கனி வாஷியில் இருக்கிறாராம். வாஷியில் எங்கே என்று கேட்டால், ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான் என்றாள்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது, அதோடு முப்பத்தோரு வருஷப் பழக்கமும் குறுக்கே வந்தது. எரிந்த இடத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதக் கூடாது. "பொறு. நான் உள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் ஒத்த ரூவா போடாத" என்றேன்.

"சரி. நீ பாத்துச் சொல்லு. நீ சொல்லாமப் போட மாட்டேன்" என்றாள். அவள் சொன்ன சொல் மாறாதவள்.

வட்டத்தை நடத்துகிறவரை போனில் பிடித்தேன். பேச்சைக் கேட்டால் நாற்பது வயதிருக்கும். குரலில் அப்படி ஒரு பணிவு. நான் என் பழைய கிளெய்ம் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"பணம் எங்கேருந்து வருது?"

"அன்புலேருந்து அண்ணாச்சி."

"ஏதாவது பொருள் விக்கிறீங்களா?"

"விக்கிறவன்தான் அண்ணாச்சி ஏமாத்துவான். நாம எதையும் விக்கிறதே இல்ல."

"கம்பெனி எங்கே பதிவாயிருக்கு?"

"கம்பெனி இருந்தாத்தானே ஓடிப்போகும்? நம்மகிட்ட கம்பெனியே கிடையாது. ஏக்தம் சேஃப், நூத்துக்கு நூறு."

என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான பதிலை நான் கேட்டதில்லை. போட்டவர் நடுவில் பணத்தைத் திரும்பக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். "குடுத்த அன்பளிப்பை யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா அண்ணாச்சி? நல்லாவா இருக்கும்?" என்று அவர் எனக்காக வெட்கப்பட்டார். சேருகிறவர்கள் ஒரு இங்கிலீஷ் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். 'எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல் மனமுவந்து கொடுக்கிறேன்.' வாயால் நாற்பதாயிரம் என்பார்கள், படிவத்தில் பிரதிபலன் இல்லை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் பணம் காணாமல் போகும். இதற்கு மேல் பரிசோதிக்க ஒன்றுமே இல்லை. நான் போனை வைத்திருக்க வேண்டும்.

"உள்ளே வந்து பாக்கணும்னா ஒரு டோக்கன் போடணும் அண்ணாச்சி. உங்ககிட்ட ஐயாயிரமா கேப்பேன்? பதினோரு ரூபா போடுங்க, போதும். உங்க கைராசி பத்தி தாராவியில எல்லாரும் சொல்றாங்க. புது வட்டம், போணி உங்க கையால ஆகட்டும்."

ராசி என்ற சொல்லைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குளிர்ந்தது. பதினோரு ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் நான் அனுப்பிய ரசீதின் படம், நாலு பக்கமும் சாமந்திப் பூ வைத்து, வட்டத்தின் வாட்ஸாப் குழுவில் வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டி பதினோரு ரூபாய் கட்டி ஊதியிருந்தான்.

அடுத்த ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் வட்டத்தின் வாழ்த்துக் கூட்டம். பரிசோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். முதலில் பிள்ளையார் பாட்டு. அது முடிந்ததும் ஒரு ஜெபம். யாரும் விட்டுப்போகக் கூடாது அல்லவா. நடத்துகிறவர் கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அட்டையில் அவர் போட்டோ மட்டும்தான் இருந்தது, வேறு ஒன்றுமே இல்லை. கல்யாணிலிருந்து வந்த ஒரு அம்மாள் மேடையேறி, தனக்கு நாற்பதாயிரம் வந்ததைச் சொல்லி அழுதார். எல்லாரும் கைதட்டினார்கள். வராதவர்கள் யாரையும் மேடையேற்றவில்லை. எனக்கு அந்தச் செல்போன் கடை ஞாபகம் வந்தது. நடுவில் என்னை எழுப்பி நிறுத்தி, கைராசி அண்ணாச்சி என்று ஒரு ரோஜாப் பூவும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் பரிசோதனை கெட்டுவிடும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கனிக்கு எட்டு மொட்டு. அந்த எட்டும் பழுக்க அறுபத்து நாலு. அவை பழுக்க ஐந்நூற்றுப் பன்னிரண்டு. எட்டாவது படியில் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. ஏறக்குறைய மும்பை முழுவதும், நேற்றுப் பிறந்த குழந்தை உட்பட, மொட்டாகிவிட்டது. பதினோராவது படியில் உலகமே போதவில்லை. கடைசியாக வருகிறவர்களுக்கு அன்பு காட்ட வேறு கிரகத்தில்தான் ஆள் பிடிக்க வேண்டும். இந்த மாதிரிப் பணச் சுழற்சிக்குத் தடைச் சட்டம் நாட்டில் வெகுகாலமாக இருக்கிறது. அன்பளிப்பு என்று பேர் மாற்றினால் சட்டத்துக்குத் தெரியாமல் போய்விடாது.

உடனே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது சிறிய காரியமாகப் பட்டது. ஒரு சமூகமே குழியில் விழப் போகிறபோது ஒருத்தியிடம் மட்டும் சொன்னால் போதுமா? எல்லாருக்கும் எழுதுவது என்று முடிவு செய்தேன். அதுவும் நல்ல தமிழில். அந்த இங்கிலீஷ் எழுத்துத் தமிழுக்கு அதுதான் சரியான பதிலடி.

மூன்று நாள் எழுதினேன். கோடு போட்ட தாளில், மை பேனாவால். 'பேரன்பும் பெருமதிப்பும் உடையீர்' என்று ஆரம்பித்தேன். நம் சபை வழக்கப்படி, எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போவது மரியாதை இல்லை. முதல் பக்கத்தில் தமிழரின் ஈகைப் பண்பைப் போற்றினேன். இரண்டாம் பக்கத்தில் கடல் போன்ற இந்த மாநகரில் நாம் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்வதைப் பாராட்டினேன். மூன்றாம் பக்கத்தில் அன்பு என்ற சொல்லின் பெருமை. நாலாம் பக்கத்தில் என் பணிக்கால அனுபவங்கள், சால்வை உட்பட. ஐந்தாம் பக்கத்தின் நடுவில்தான் 'ஆயினும்' என்று ஒரு சொல் வரும். அந்த ஆயினும்-க்குப் பிறகு மொட்டுக் கணக்கு, சட்டம், வராதவர்கள், எல்லாம் சவுக்கடி மாதிரி இருக்கும். ஏழாம் பக்கத்தில் கையெழுத்து. எழுதி முடித்து ஒருமுறை உரக்க வாசித்தேன். என் எழுத்தில் நானே மயங்கிப் போனேன்.

ஏழு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் கும்பிடுகிற கைகள் வரிசையாக வரத் தொடங்கின. 'Super annachi.' 'Tamil vaazhga.' 'Kai ezhuthu mani maniya irukku.' தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஒருவர், ஏதோ சங்கத்தின் முன்னாள் செயலாளர், தமிழிலேயே எழுதினார்: 'அருமையான தொடக்கம். இரண்டாம் பக்கம் வரை படித்தேன். மீதியை ஓய்வாகச் சுவைக்க ஆவல்.' சிறிது நேரத்தில் நடத்துகிறவரே என் கடிதத்தைக் குழுவின் உச்சியில் எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைத்தார். ஆள் மனம் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"எல, நீ எழுதி இருக்கியாமே. எல்லாரும் ஒன்னையத்தான் பேசுதாங்க."

"பாத்தியா?"

"பாத்தேன். எனக்கு எங்க வாசிக்க வருது? எங்கூட வேலை பாக்கவ கொஞ்சம் எழுத்துக் கூட்டி வாசிச்சா. தமிழனோட ஈகைன்னு என்னவோ வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?" என்றேன் மறுபடியும். இன்னொருமுறை கேட்க ஆசை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுல. அப்போ நீ எழுதுனபடியே செஞ்சிருதேன்."

"அப்படியே செய்யிக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பால்கனியில் நின்றேன். ஒரு சமூகத்தைக் காப்பாற்றிய களைப்பு இருந்தது. சுகமான களைப்பு.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் குழு இல்லை. நடத்துகிறவரின் எண் இல்லை. மாட்டுங்கா ஹாலில் விசாரித்தேன். இரண்டு மணி நேர வாடகையைக் கூடப் பாதிதான் கொடுத்திருந்தாராம். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. என் பேனாவுக்குப் பயந்துதான் ஓடினான் என்று முடிவு செய்து அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஓடிட்டான்கா."

பட்டறை மிஷின்களின் சத்தத்துக்கு நடுவில் அக்கா கேட்டாள்: "அப்போ எம் பைசா?"

ஒரு பங்கு மட்டும், ஐயாயிரம் மட்டும் போடுவதாகத்தான் முதலில் இருந்தாளாம். குறைகிற தொகை வந்தால் போதும் என்று. தம்பி ஏழு பக்கம் எழுதியிருக்கிறான், அதைக் குழுவின் தலையிலேயே வைத்திருக்கிறார்கள் என்றதும் முழுவதையும் போட்டுவிட்டாள். ஐந்து பங்கு. இருபத்தைந்தாயிரம்.

இவள் வெட்டிய நூலில் படித்த தமிழ் இது. அதைக் கொண்டு அவளை மிஷின் வாங்க விடாமல் செய்துவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் சைபர் புகார் எழுதுகிற மேஜையில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். மராத்திக்காரர், பொறுமையாகக் கேட்டார். நடத்தியவர் பெயர் கேட்டார். எங்களிடம் இருந்தது பாதிப் பெயர். விலாசம் கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது கனியின் விலாசம்தான்: வாஷி, ஸ்டேஷன் பக்கம் என்றோம். கையெழுத்துப் போட்ட காகிதம் ஏதாவது உண்டா என்றார். அந்த வட்டம் முழுவதிலும் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏழு பக்கத்தையும் மேஜைமேல் வைத்தேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். முப்பத்தோரு வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை இப்போது எனக்குக் கிடைத்தது. பதினோரு ரூபாய் ரசீதையும் அவர் பார்த்துவிட்டார்.

இதில் என்ன எழுதியிருக்கிறது, மராத்தியில் சொல்லுங்கள் என்றார்.

என் மராத்தி காய்கறி வாங்குகிற மராத்தி. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஈகைக்கு மராத்தியில் என்ன என்று தடுமாறினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சுருக்கமாகச் சொல்லுங்கள், விஷயம் என்ன என்றார். நான் தெரிந்ததைச் சேர்த்துச் சொன்னேன்: "ஹே கோட்டே ஆஹே. பைசே தேஊ நகா." இது பொய், பணம் கொடுக்காதீர்கள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அரை வரிகூட வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். ஐந்தாவது வரை மராத்தி படித்தவள் அல்லவா.

"எல, இம்புட்டுத்தானா அதுல எழுதி இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"இதைச் சொல்லவா ஏழு பக்கம்? செம்பூர்லேருந்து எங்க வீட்டுக்கு ஒரு பஸ்ஸுதானல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பதில் ஒன்று என்னிடம் இருந்தது. நேரில் வந்து ஒரு வரி சொன்னால் யாரும் கும்பிட்டிருக்க மாட்டார்கள். அதை எப்படி அவளிடம் சொல்வது?

விசாரிக்கிறோம் என்று சொல்லி ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மிஷின் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். பழைய காரணத்தை மறுபடி சொல்லவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அன்று மத்தியானமே அவள் பட்டறைக்குப் போக வேண்டும், அரை நாள் லீவுதான் கேட்டிருந்தாள். அவள் சொன்ன அதே தாராவி பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். கண்டக்டர் வந்தபோது நான் சட்டைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா இடுப்புப் பையைத் திறந்து இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.